நூற்றுக்கு ஐந்து

மரங்கள்தான் முதலில் வழக்குக்குப் போயின.
ஓக், ஹாத்தார்ன் வேலி, ஒரு பிரபுவின் பேரித் தோப்பு.
கருகிய இலைக்கு உரிமையாளர் இருந்தார்,
உரிமையாளருக்குப் பிரபுக்கள் அவையில் இருக்கை இருந்தது.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றில்
சட்டம் வந்தது.
அதன் பின்னால், ரயிலில், மூன்றாம் வகுப்பில்,
நான் வந்தேன்.

எனோக் தர்ஸ்பி. ஆய்வாளரின் உதவியாள்.
ஒரு தோல்பெட்டி, ஒரு ரப்பர் துருத்தி,
வெள்ளி நைட்ரேட் நிறைந்த ஆறு குடுவைகள்,
இறங்கும்போது ஐந்து.

லங்காஷயரில் அந்த ஊர்
உப்பை அமிலத்தில் வேகவைத்துக்கொண்டிருந்தது.
சோடா சோப்புக்குப் போகும், கண்ணாடிக்குப் போகும்,
புகை வானத்துக்குப் போகும் என்றார்கள்.
போகாது. கனத்த புகை அது.
தெருமுனை வரை நடந்து
குழந்தைகளோடு உட்கார்ந்துகொள்ளும்.

நூற்றில் தொண்ணூற்றைந்தைப் பிடி என்றது சட்டம்.
கோபுரம் கட்டு, உள்ளே கரி அடுக்கு,
மேலிருந்து தண்ணீர் விடு,
ஏறுகிற புகை நீரில் கரைந்து இறங்கட்டும்.
மிச்சம் ஐந்தைப் பற்றி
ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

புகைபோக்கியின் அடியில் ஒரு துளை.
துருத்தியை அமுக்குவேன், விடுவேன்.
குடுவையின் தெளிநீர்
பால் தெளித்தாற்போல் வெளுக்கும்.
எவ்வளவு வெளுப்போ அவ்வளவு குற்றம்.
என் விரல்கள் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தன.
வெள்ளியின் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.
அந்தச் சோப்பின் சோடாவும் இந்த ஊருடையதுதான்.

"தொண்ணூற்றேழு!"
மேலாளர் ஆக்லண்ட் கை குலுக்கினார்,
ஷெர்ரி ஊற்றினார்.
சட்டம் கேட்டதைவிட இரண்டு கூட.
குடித்தேன். நல்ல ஷெர்ரி.

உலைக்கொட்டகையில்
வாயில் கம்பளித்துணி சுற்றிய ஆட்கள்.
ஓவன் கான், மேயோவிலிருந்து பசிக்குத் தப்பி வந்தவன்,
வயது முப்பத்தொன்று,
ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்குகிறான்.
பல் போனால் சொல் போச்சு என்பது பொய்.
துணியை இறக்கிவிட்டுச் சொன்னான்:
"உங்கள் சட்டம் புகைபோக்கியில் தொடங்குகிறது ஐயா.
நாங்கள் அதற்கு முன்னால் இருக்கிறோம்."

அவன் மனைவி டீலியா
மறுநாள் விடுதி வாசலில் நின்றாள்.
கையில் ஒரு படுக்கை விரிப்பு.
திங்கட்கிழமை துவைத்து உலர்த்தியது,
செவ்வாய் சல்லடையாய் எடுத்தது.
விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.
"இந்த ஓட்டைகள்
தொண்ணூற்றைந்தில் சேர்த்தியா, ஐந்திலா?"

என் பதிவேட்டில் ஏழு பத்திகள்.
தேதி, ஆலை, கோபுரம், வெப்பம்,
குடுவை எண், வெளுப்பு, கையொப்பம்.

அன்று மாலை ஓடைக்குப் போனேன்.
பிடித்த புகையெல்லாம் அங்கே இருந்தது,
தண்ணீராக.
ஆலையின் கழிவுமேட்டைத் தொட்டு
அழுகிய முட்டையாய் நாறிக்கொண்டிருந்தது.
வெள்ளை வயிறு காட்டி மீன்கள்.
அவற்றுக்கு உரிமையாளர் இல்லை.
சட்டத்தின் தலைப்பைத் திரும்பப் படித்தேன்,
படிக்காதவன்போல்.
தண்ணீர் என்று எங்கும் இல்லை.
சட்டப்படி அந்த ஓடையும் தூய்மை,
நானும்.

அறிக்கையின் ஓரத்தில்
பென்சிலால் மூன்று வரி எழுதினேன்:
ஓடை. விரிப்பு. பற்கள்.
லண்டன் திருப்பி அனுப்பியது,
வரம்புக்கு உட்படாத குறிப்பு என்று,
சிவப்பு மையில், அழகான கையெழுத்தில்.

பதினோரு ஆண்டுகள் கழித்து
சட்டத்தைத் திருத்தினார்கள்; பிறகு இன்னொரு முறை.
ஒவ்வொரு தடவையும் ஒரு வாயுவின் பெயர் கூடியது.
நல்லதுதான். நானே கூட நகல் எடுத்தேன்.
ஓவன் கான் அதற்குள்
பெயராகவும் எங்கும் இல்லை.

டீலியாவிடம் கேட்டு வாங்கிய ஒரு துண்டுத் துணி
பழைய பதிவேட்டில், ஏழாம் பத்திக்கு அப்பால்,
பசைபோட்டு ஒட்டியிருக்கிறது.
ஓரத்தில் என் கட்டைவிரல் கறை.
எட்டாம் பத்திக்கு
என்ன தலைப்பு எழுதுவது என்று
இன்னும்